ஒன்பதாவது சீசரின் தாடை

லீவன் செய்ததைத் தவறு என்று சொன்னால் அது அவனுக்குக் காட்டும் சலுகை. தவறு என்பது தெரியாமல் செய்வது. அவனுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உளியைக் கீழே வைக்கவில்லை.

அந்த வருஷம் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் புது ஆளுநர் வரப்போவதாகச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரு மரத்தில் வளைவுகள் கட்டி, பளிங்கு மாதிரி வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் வந்தால் அச்சுப்படம் விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். லீவனுக்கு வேலை கொடுத்துவந்த யோரிஸ், பழைய ரோமாபுரியின் பன்னிரண்டு சீசர்களையும் குதிரைமேல் ஏற்றிப் பன்னிரண்டு செப்புத் தகட்டில் செதுக்கி விற்கத் திட்டம் போட்டிருந்தார். நல்ல திட்டம். ஆள்கிறவனுக்குத் தனக்கு முன்னால் ஆண்டவர்களின் மூஞ்சியைப் பார்ப்பதில் ஒரு சுகம். ஆளப்படுகிறவனுக்கோ அந்த மூஞ்சிகளைச் சுவரில் மாட்டிவைத்தால் தானும் அதிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பு. வக்கீல் வீட்டில் பன்னிரண்டும் தொங்கும், மீன்காரர் வீட்டில் வசதிக்கேற்ப ஒன்றோ இரண்டோ தொங்கும்.

பதினோரு சீசர்களுக்கு ரோமிலிருந்து வரைபடம் வந்திருந்தது. ஒன்பதாவது ஆளான விட்டெல்லியஸின் படம் மட்டும் கப்பலிலேயே நனைந்து, மையெல்லாம் கரைந்து, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தது. குதிரை பத்திரமாக இருந்தது.

"முதலாளி, இதுக்குத் தலை இல்லையே" என்றான் லீவன்.

"அதுக்கென்ன? நீயே ஒண்ணு வை."

"யார் மாதிரி இருப்பான்னு தெரிய வேண்டாமா?"

"யாருக்குப்பா தெரியும்? நீ பார்த்தியா, நான் பார்த்தேனா? திங்கிறதுக்குன்னே பொறந்தவனாம். தின்னு தின்னே ராஜ்ஜியத்தைக் காலி பண்ணவன். கடைசியில ஜனங்க தெருத்தெருவா இழுத்துட்டுப் போய்க் கொன்னாங்களாம். குண்டா ஒரு மூஞ்சி போடு. தாடை தொங்கணும், அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள்ள வேணும்."

லீவன் வீட்டுக்கு வந்து, மணல் அடைத்த தோல் மெத்தையின் மேல் தகட்டை வைத்தான். செப்புத் தகட்டில் செதுக்குகிறவன் கையைத் திருப்பமாட்டான், தகட்டைத்தான் திருப்புவான். உளியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு இடது கையால் தகட்டை மெல்லச் சுழற்றினால் கோடு தானாக வளையும். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. செதுக்கியதெல்லாம் பன்றி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கன்னத்துக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது. அதை அடுத்து இன்னொன்று. சதை கனத்துத் தொங்கியது. கண்ணோரம் சுருங்கியது. லீவனுக்குக் கை பறந்தது. பதினைந்து வருஷத் தொழிலில் அவன் இவ்வளவு உயிரோடு ஒரு முகம் செதுக்கியதே இல்லை.

மத்தியானம் அந்த முகத்தின் கன்னத்தில், அவன் யோசிக்காமலே, கை ஒரு மச்சம் வைத்தது. அப்போதுதான் யாருடைய முகம் என்று அவனுக்கு உறைத்தது.

அது கொமாருடையது. பின்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் கொமார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செம்பை மெருகிடும் இரும்புக் கோலால் அழுத்தித் தேய்த்து, பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் செம்பு பழையபடி சமமாகிவிடும். லீவன் கோலை எடுத்தான். எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். மனசு வரவில்லை. பிறகு தொழில்காரனுக்கே உரிய ஒரு சமாதானம் கிடைத்தது. தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாகத்தான் விழும். மச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்திலேயே செதுக்கிவிட்டதால், அச்சில் அது மற்றக் கன்னத்துக்குப் போய்விடும். கொமாருக்கு மச்சம் இடது கன்னத்தில். படத்தில் இருப்பவனுக்கு வலது கன்னத்தில். அப்புறம் எப்படி இது கொமார் ஆகும்? இதை அவன் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு கோலைக் கீழே வைத்தான்.

படத்துக்குக் கீழே போட லத்தீனில் நாலு வரி வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் பாஸ்கியர், படத்தைப் பார்க்காமலே, யோரிஸ் சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். லீவனுக்கு எழுத்தை வலமிருந்து இடமாகச் செதுக்கும் அளவுக்கும், செதுக்குவது என்ன என்று விளங்கும் அளவுக்கும் லத்தீன் வரும். அந்த வரிகள் சொன்னது இதுதான்: தின்பதற்கென்றே அரசாண்டவன் இவன். ஊரார் ரொட்டியை எல்லாம் தன் வயிற்றில் அடைத்தான். ஊரே பசித்திருக்க இவன் தாடை கொழுத்தது. தெருவில் செத்தான், அழ ஆளில்லை.

அதையும் செதுக்கினான்.

முதல் அச்சுத் தாளை வீட்டில் காயப்போட்டிருந்தபோது அவன் மனைவி கத்தலீன் பார்த்தாள். கையிலிருந்த கீரையைப் பலகையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏங்க, இது நம்ம கொமார் அண்ணன் இல்ல?"

"இல்லையே. மச்சம் எந்தப் பக்கம் இருக்கு பாரு."

"மச்சத்தைக் கொண்டு போய் ஆத்துல போடுங்க. மூஞ்சி அவர் மூஞ்சி. அண்ணனை ராஜாவாக்கிட்டீங்களா? கீழே என்ன எழுதியிருக்கு?"

லீவன் சொல்லவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். கத்தலீன் முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்தத் தாடை எதனால தொங்குச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. அது இல்லாமலா கை அப்படிப் பறந்தது? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர்கள் ஷெல்ட் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, ஊருக்குள் ஒரு மூட்டை தானியம் வராமல் அடைத்துவைத்தார்கள். கத்தலீன் அப்போது நிறைமாதம். லீவனுக்கு வேலை கிடையாது, முற்றுகையில் யார் படம் வாங்குவார்கள்? கொமார் தினமும் காலையில் பின்சுவருக்கு மேலே ஒரு தவிட்டு ரொட்டியை நீட்டுவார். "நெலெ ஒண்ணு கூடச் சுட்டுட்டா" என்று மனைவியின் பேரில் போடுவார். கூடச் சுட்டது எல்லாம் சும்மா. அது அவருடைய பங்கு. பதினோரு வாரம் நீட்டினார். கொமார் அதற்கு முன்னால் நல்ல பருமன், முகம் உருண்டையாக, இறுக்கமாக இருக்கும். அந்தப் பதினோரு வாரத்தில் உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து தோல் மட்டும் பை போலத் தொங்கியது. பிறகு எவ்வளவோ தின்றார், உடம்பு தேறியது, தாடை மட்டும் மேலே ஏறவே இல்லை.

"அந்த ரொட்டியைத் தின்னு பொறந்தவதான் நம்ம பொண்ணு" என்றாள் கத்தலீன். "ஊரார் ரொட்டியைத் தின்னவன்னு அவர் மூஞ்சிக்குக் கீழே எழுதியிருக்கீங்க. உங்க கையால."

லீவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அவமானத்துக்கு ஒரு குணம் உண்டு, அது முதலில் கோபமாகத்தான் வரும். "வரி வாத்தியார் எழுதினது, தலை முதலாளி கேட்டது, நான் கூலிக்காரன்" என்று சத்தம் போட்டான். கத்தலீன் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் யோரிஸிடம் போனான். முகத்தைத் தேய்த்துவிட்டு வேறு முகம் வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றான். யோரிஸ் சிரித்தார்.

"பைத்தியமா உனக்கு? பன்னிரண்டுல அது ஒண்ணுதான்யா உயிரோட இருக்கு. ஜூலியஸ் சீசரைப் பார், மெழுகு பொம்மை. சன்னல்ல மாட்டினதும் நாலு பேர் ஒன்பதாவதை மட்டும் தனியாக் கேட்டுட்டாங்க. அதுல கை வச்சே, உன் கையை வெட்டுவேன்."

அதைக் கேட்டபோது லீவனுக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவன் கூசியது போல வேறெதற்கும் கூசியதில்லை.

மூன்றாம் நாள் கொமாரே வந்தார். ஆடி அசைந்து படியேறி, மூச்சு வாங்க நின்றார். கையில் சுருட்டிய தாள். லீவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு குறுகியது.

"டேய் லீவா! என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"கொமார் அண்ணே..."

"குதிரை மேல ஏத்தி, தலையில இலைக் கிரீடம் வச்சு! நெலெ பார்த்துட்டு, 'உங்களைச் சுமந்தா அந்தக் குதிரை செத்துடும்'ங்கிறா. பன்னிரண்டு சீசர்ல ஒருத்தன் எங்க கடை வாசல்ல நின்னு ஈ ஓட்டுறான்னு தெருவே பேசுது." தாளை விரித்து மேசைமேல் வைத்து, இரண்டு பெரிய கைகளாலும் நீவிவிட்டார். விரல் இடுக்கில் மாவு இருந்தது. "மச்சம் மட்டும் பக்கம் மாறிப்போச்சு."

"அச்சுல அப்படித்தான் மாறும் அண்ணே."

"ஆனா பாரு, மாவு பிசையற தொட்டித் தண்ணியில எட்டிப் பார்த்தா மச்சம் எனக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். எனக்குத் தெரியற என் மூஞ்சி வேற யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். நீ அப்படியே போட்டுட்டே."

லீவன் துணியால் ஒரு தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கொமார் தாளின் அடிப்பக்கம் குனிந்தார். பிறகு மாவு படிந்த விரலை வரிகளின் மேல் வைத்தார். "எனக்கு நம்ம பாஷையே தட்டுத் தடுமாறித்தான் வரும். இது லத்தீன். நீ சொல்லேன். கீழே என்ன எழுதியிருக்கு?"

வாசலில் ஒரு கைவண்டி போகும் சத்தம் கேட்டு அடங்கியது. கொமார் அவசரப்படாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கே ரொட்டி போட்டவன்னு எழுதியிருக்கு அண்ணே" என்றான் லீவன்.

"ஊருக்கே ரொட்டி போட்டவன்."

"ஆமாண்ணே."

"சரி. நீ சொன்னா சரி." கொமார் தாளை மெதுவாகச் சுருட்டினார். "நம்ம ரொட்டிக்காரங்க புனிதர் ஓபேரோட திருநாளுக்கு நீயும் கத்தலீனும் வீட்டுக்கு வரணும். சங்கத் தலைவரா என்னைப் போட்டுட்டானுங்க. ரொட்டிக்காரன் எல்லாரும் ஊர்வலம் முடிஞ்சு நம்ம வீட்டுலதான் சாப்பாடு. பேராலயத்துல இருந்து பெரிய சாமியாரும் வர்றார். இதைக் கூடத்துல மாட்டப் போறேன்."

அவர் போன பிறகு லீவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பெரிய சாமியாருக்குத் தூக்கத்தில்கூட லத்தீன்தான் வரும். அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்ப்பார், வரிகளைப் படிப்பார், நாலு பேருக்கு விளங்கும்படி எடுத்தும் சொல்வார். கொமார் வாழ்நாளில் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு நாளில், அவர் வீட்டிலேயே, அவர் சங்கத்துக்கு முன்னாலேயே, அவர் மூஞ்சிக்குக் கீழே இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிப் படத்தை இறக்கச் செய்ய வேண்டும். அதைச் செய்யக்கூடியவன் இவன் ஒருவன்தான்.

திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. முதல் நாள் காலையில் ரொட்டிக்கடைக்குப் போனான். கடையில் கூட்டம். "அண்ணே, ஒரு விஷயம்" என்றான். "சொல்லுடா" என்றார் கொமார். "ஒரு கம்பு ரொட்டி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டாம் முறை கூட்டமே இல்லை. அவர் அடுப்பை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்து நின்றே கேட்டார். அன்றைக்கும் ரொட்டிதான் வாங்கினான். மூன்றாம் முறை வாசலில் நெலெ நின்றிருந்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்கு அவனை ஏற இறங்கப் பார்த்தாள், "வா" என்றுகூடச் சொல்லவில்லை. லீவன் கடைக்குள் நுழையாமலே திரும்பிவிட்டான். வீட்டில் ரொட்டி காய்ந்து கிடந்தது. கத்தலீன் அதையெல்லாம் சூப்பில் போட்டாள். 

ஓபேர் திருநாள் அன்று ஊர்வலம் முடியும் முன்பே, கத்தலீனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, லீவன் தனியாக கொமார் வீட்டுக்கு ஓடினான். அவன் நினைத்தபடியே கொமார் விருந்தைப் பார்க்கப் பாதி ஊர்வலத்திலேயே வந்துவிட்டிருந்தார். கழுத்தில் சங்கத்து வெள்ளிச் சங்கிலி. கூடத்தில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வாத்து வறுவலும் ஆப்பிள் பணியாரமும் பரத்தியிருந்தது.

"அண்ணே, அந்தப் படத்தை இறக்கிடுங்க" என்றான் லீவன், மூச்சு இரைக்க. "நான் உங்ககிட்ட..."

அதற்குள் அவன் கண் சுவருக்குப் போய்விட்டது.

படம் அங்கேதான் இருந்தது, ஓக் சட்டத்துக்குள். குதிரை இருந்தது, கிரீடம் இருந்தது, தாடை இருந்தது. குதிரையின் குளம்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. விட்டெல்லியஸ் என்ற பெயர், நாலு வரி லத்தீன், எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தியால் நேராக வெட்டி எடுத்திருந்தது.

"சட்டம் சின்னதாப் போச்சு" என்றார் கொமார்.

லீவன் சட்டத்துக்குக் கிட்டே போய் வெட்டிய விளிம்பைப் பார்த்தான்.

கொமார் ஒரு நாற்காலியை இழுத்துச் சரிசெய்தார். அது முன்பே சரியாகத்தான் இருந்தது. "வாத்தியார் பாஸ்கியர் நம்ம கடையிலதான் ரொட்டி வாங்குவாரு. படம் வாங்கின அன்னிக்கே அவர்கிட்ட நீட்டினேன். தான் எழுதினதாச்சேன்னு பெருமையா ஆரம்பிச்சாரு. ரெண்டாவது வரியில நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தாரு. அப்புறம் படத்தைப் பார்த்தாரு. பாவம், மனுஷனுக்குக் குரலே வரல. நான்தான் முழுசும் படிங்கன்னேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே. அதுக்கப்புறம்தான் உன் வீட்டுக்கு வந்தேன்."

லீவன் நாட்களை எண்ணிப் பார்த்தான். சுருட்டிய தாளோடு படியேறி வந்தது, குதிரை, கிரீடம் என்று சிரித்தது, விரலை வரிமேல் வைத்துக் கேட்டது எல்லாம் இப்போதுதான் அவனுக்குச் சரியாக விளங்கியது. அந்த மனிதர் தெரியாமல் கேட்கவில்லை. இவன் சொல்லட்டும் என்று இடம் கொடுத்துக் கேட்டிருக்கிறார். கடையில் இன்னும் இரண்டு தடவை இடம் கொடுத்திருக்கிறார். இவனோ ஒவ்வொரு தடவையும் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஏன் அண்ணே இதை மாட்டினீங்க?"

"மூஞ்சி நல்லா வந்திருக்கேடா" என்றார் கொமார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லீவன் அதைப் பிடித்துக்கொண்டு காலில் விழுந்திருப்பான். "என்னை இவ்வளவு கவனிச்சுப் பார்த்தவன் யாரும் இல்லை. நெலெகூட இல்லை. அதைத் தூக்கிப் போட மனசு வரல. கீழே இருந்தது எனக்கு வேண்டாம், வெட்டிட்டேன்."

லீவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். வாசலில் செருப்புச் சத்தம். ரொட்டிக்காரர்கள் சிரிப்பும் கூச்சலுமாக உள்ளே வந்தார்கள். பின்னால் கத்தலீன், நெலெயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பெரிய சாமியார் கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி நுழைந்தார். லீவனைக் கொமார் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

நினைத்தபடியேதான் நடந்தது. பெரிய சாமியார் இரண்டு துண்டு வாத்து சாப்பிட்டுவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"அட, சீசர் படமா! தலைவரே, இது உம்ம ஜாடையா இருக்கே! எந்த சீசர் இது? பேரைக் காணோமே."

"எனக்கென்ன சாமி தெரியும்" என்றார் கொமார்.

"செதுக்கினவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கார்!" என்று மேசையின் மறுகோடியிலிருந்து ஒரு ரொட்டிக்காரர் கத்தினார். "லீவா, சொல்லுப்பா, யாரு அது?"

மேசை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கத்தலீன் பார்த்தாள். நெலெ பார்த்தாள். எழுந்து நின்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். இது கொமார், முற்றுகையில் என் குடும்பத்துக்கு ரொட்டி போட்டவர், நான்தான் அவரைத் தீனிப்பண்டாரமாக்கிச் சன்னலில் மாட்டி விற்றேன். அதைச் சொல்லத்தான் லீவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்தும் விட்டான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. ஒருவர் சிரித்தார். இன்னொருவர் இருமினார். சாமியார் புருவத்தை உயர்த்தினார்.

கொமார் தன் முன்னால் இருந்த ரொட்டியைக் கையால் பிய்த்தார். ஒரு பெரிய துண்டை வெண்ணெயில் தோய்த்து, லீவனின் தோளை அழுத்தி உட்காரவைத்து, அதை அவன் கையில் திணித்தார்.

"அவனைச் சாப்பிட விடுங்கப்பா" என்றார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அவன். சாமி, நீங்க அந்தப் பணியாரத்தை எடுங்க."

லீவன் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். வாயில் ரொட்டி இருக்கும்வரை யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் மெதுவாக மென்றான். அவன் விழுங்கி முடித்தபோது சாமியார் பணியாரத்தில் இருந்தார், மற்றவர்கள் கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்தலீன் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்போதும் நேரம் இருந்தது. யாரும் அவன் வாயைக் கட்டிவைக்கவில்லை.

"இன்னொரு துண்டு வேணுமா?" என்று கேட்டார் கொமார்.

லீவன் தட்டை நீட்டினான்.